ரூட் மார்ச்சைத் தமிழில் எப்படிச் சொல்வது: அணிவகுப்பா, பாதயாத்திரையா, சுமைநடையா?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் தயாராகிற பையன்களுக்காக நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தமிழில் ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். சாப்பாடு, தூக்கம், ஷூ, காயம் எல்லாவற்றுக்கும் வார்த்தை கிடைத்துவிட்டது. முதுகில் மூட்டையோடு நெடுந்தூரம் நடக்கிற பயிற்சி, அதாவது ‘ரூட் மார்ச்’ என்ற இடத்தில் மட்டும் மூன்று வாரமாக நிற்கிறோம். ஒருவர் ‘அணிவகுப்பு’ என்று எழுதினார். இன்னொருவர் அதை அடித்துவிட்டு ‘நடைப்பயணம்’ என்றார். ஓய்வு பெற்ற ஹவில்தார் அண்ணன் ஒருவர், “எதுக்குப்பா வம்பு, ரூட் மார்ச்னே போடு” என்றார். இதே கேள்வியை வேறு ஊர் ஆசிரியர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் கேட்கிறார்கள். பையனைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, அவன் போனில் சொல்வது பாதி புரியாமல் தவிக்கிற அம்மாக்களும் கேட்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து வைத்து, எது எங்கே உதவும், எது எங்கே காலை வாரும் என்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இது வெறும் கலைச்சொல் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் அக்கா மகன் விஷயத்தில்தான் அந்த நினைப்பு போனது.

அவன் பயிற்சிக்குக் கிளம்பும்போது அக்கா என்னிடம், “ரூட் மார்ச்சுன்னு என்னமோ சொல்றானே, அது என்னடா?” என்று கேட்டாள். நான், “நம்ம பழனி நடை மாதிரிதான்க்கா, முதுகில ஒரு பை இருக்கும், அவ்வளவுதான்” என்றேன். அக்கா பதினோரு வருசம் பழனிக்கு நடந்தவள், அதனால் அவளுக்கு அது போதும் என்று தோன்றியது. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்து, பாதத்தில் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்துகிறது, மூட்டையைத் தூக்கினால் கூடுகிறது என்றிருக்கிறான். அக்கா, “நடந்தா அப்படித்தான்ப்பா இருக்கும், வெந்நீர்ல உப்புப் போட்டுக் காலை வை, முருகன் பாத்துக்குவான்” என்றிருக்கிறாள். அவனும் யாரிடமும் சொல்லாமல் ஒன்பது நாள் அதே காலோடு நடந்தான். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் இரண்டாம் விரலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் கோடு விழுந்திருந்தது. எட்டு வாரம் ஓய்வு, பின்னால் வந்த பேட்சோடு மறுபடி பயிற்சி.

அக்கா மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் கொடுத்த வார்த்தைக்கு எந்தப் பதில் சரியோ அதைத்தான் அவள் சொன்னாள்.

எதை வைத்து எடை போடுவது

அந்த அனுபவத்திலிருந்து எனக்கு ஐந்து கேள்விகள் கிடைத்தன. எந்த வார்த்தையை எடுத்தாலும் இந்த ஐந்தையும் கேட்டுப் பார்க்கிறேன்.

சுமை இருக்கிறது என்பது வார்த்தையிலேயே தெரிகிறதா? வீட்டில் இருக்கிறவர்களுக்குப் போனில் ஒரு தடவை சொன்னால் புரியுமா? நாளைக்கு முகாமுக்குள் போகும் பையன் அதே வார்த்தையோடு அங்கே சமாளிக்க முடியுமா? வினையாக வளைகிறதா, அதாவது ‘போனோம், முடித்தோம், பாதியில் நின்றோம்’ என்று பேச வருகிறதா? கடைசியாக, எனக்கு மற்ற நாலையும் விட முக்கியமாகப் படுவது: அந்த வார்த்தைக்குள் நின்றுகொண்டு ஒருவன் ‘வலிக்கிறது’ என்று சொல்ல முடியுமா?

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கி, இடுப்பில் தண்ணீர், காலில் கனமான பூட்ஸ். இவ்வளவோடு 10, 20, 30 கி.மீ. என்று கூட்டிக்கொண்டே போகும் நடை. கமாண்டோ பயிற்சி என்றால் 40 வரைக்கும் போகும். எந்த ஊர் ராணுவத்தை எடுத்தாலும் இது உண்டு. ரோமானியர்கள் காலத்திலேயே புதுச் சிப்பாய் கோடைகாலத்து ஐந்து மணி நேரத்தில் 20 ரோமானிய மைல் நடக்க வேண்டும் என்று வெஜீசியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். ஆக, விஷயம் பழசு. நம் மொழியில் அதற்கான பெயர்தான் இன்னும் உட்காரவில்லை.

அணிவகுப்பு

பத்திரிகைகளும் அகராதிகளும் ‘மார்ச்’ என்றதும் நீட்டுகிற வார்த்தை இதுதான். கேட்க அழகாக இருக்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு மட்டும் இதைப் பயிற்சிக் குறிப்பில் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அணி வகுப்பது என்றால் வரிசை கட்டுவது. ஜனவரி 26 அன்று டெல்லியில் பார்ப்பது, என்.சி.சி. பையன்கள் கல்லூரி மைதானத்தில் ‘தேஜ் சல்’ என்ற குரலுக்குக் கை வீசிக் கிளம்பி ‘தம்’ என்றதும் டக்கென்று நிற்பது, இதெல்லாம் அணிவகுப்பு. இருபது பேர் கால் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும், அதற்குத்தான் அங்கே மதிப்பெண். ரூட் மார்ச்சில் அது தலைகீழ். தாளம் கிடையாது. ஆளாளுக்கு அவரவர் எட்டு வைத்து, இடைவெளி மட்டும் கலையாமல் போவார்கள். ஒரே தாளத்தில் மணிக்கணக்கில் நடந்தால் குட்டையானவன் எட்டி எட்டிச் சாவான், நெட்டையானவன் சுருக்கிச் சுருக்கிச் சாவான்.

தாளம் ஆபத்தாகவும் முடியும். 1831 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தில் பிராட்டன் என்ற இடத்துத் தொங்குபாலத்தில் ஒரு படைப்பிரிவு கால் சேர்த்து நடந்து போனது. பாலம் அந்தத் தாளத்துக்கு ஆட ஆரம்பித்து ஒரு பக்கம் சரிந்தது. காயம் பட்டவர்கள் உண்டு, நல்லவேளையாக உயிர் போகவில்லை. அதற்குப் பிறகுதான் பாலம் வந்தால் தாளத்தை உடைத்து நட என்ற உத்தரவு பிரிட்டிஷ் ராணுவத்தில் வந்தது.

இந்த வார்த்தைக்கு ஒரு மறைமுகச் செலவும் இருக்கிறது, அது பையன் உடம்பில் விழுகிறது. ‘நீண்ட தூர அணிவகுப்புக்குத் தயாராகு’ என்று படித்த ஒரு தம்பி, முதுகில் மூட்டையோடு குதிகாலை ஓங்கி ஓங்கித் தரையில் அடித்து நடந்து பழகியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதினைந்து கிலோவைச் சுமந்துகொண்டு அப்படி மிதித்தால் முழங்கால் என்ன ஆகும்? வார்த்தை அவனுக்குப் பரேடைக் காட்டியது, அவன் பரேடைச் செய்தான்.

குடியரசு தினச் செய்தி, திருவிழாவுக்கு முன் போலீசார் நடத்தும் கொடி அணிவகுப்பு, பள்ளி விளையாட்டு விழா, இங்கெல்லாம் இது கச்சிதமான வார்த்தை. அங்கேயே இருக்கட்டும்.

ரூட் மார்ச்

ஹவில்தார் அண்ணன் சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. உள்ளே போனால் பையன் கேட்கப் போவது இதைத்தான். உத்தரவுகள் இந்தியில் இருக்கும், திட்ட அட்டவணை இங்கிலீஷில் இருக்கும், இரண்டிலுமே இது ரூட் மார்ச்தான். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இலுப்பக்குடியில் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம் இருக்கிறது, அங்கே போய் ‘பெருநடை’ என்றால் யாருக்குத் தெரியும்? முதல் நாளே விழிக்காமல் இருப்பது அந்த வயதில் பெரிய தைரியம். அந்தத் தைரியத்தை ஒரு வார்த்தை கொடுக்கிறது என்றால் அதைப் பிடுங்க எனக்கு மனசில்லை.

ஆனால் வீட்டுக்கு இது எதையும் சொல்வதில்லை. ‘ரூட்’ என்றால் நமக்குப் பஸ் போகும் வழி. ‘மார்ச்’ என்றால் முழுப்பரீட்சை மாதம். ஊருக்குள் ரூட் மார்ச் என்ற பேச்சு வருவதே தேர்தலுக்கு முன்னால் போலீசார் கடைவீதியில் அரை மணி நேரம் நடந்து போகும்போதுதான். அதைப் பார்த்த அம்மா, மகன் இருபது கிலோமீட்டர் நடந்துவிட்டுப் பேசுகிறான் என்று எப்படி நினைப்பாள்?

இன்னொன்று, இந்தச் சொல்லின் கீழ் பல சங்கதிகள் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. சாதாரண ரூட் மார்ச் வேறு, நேரம் குறித்து விரட்டுகிற ஸ்பீட் மார்ச் வேறு, முழு உடுப்போடு ஓடுகிற உடல்திறன் தேர்வு வேறு. பையன்களோ ஆள்சேர்ப்பு முகாமில் ஓடுகிற 1.6 கி.மீ.யை மட்டும் மனதில் வைத்து, அதில் முந்தினால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம்புகிறார்கள். அந்த ஓட்டம் மூச்சைத் தயார் செய்யும். தோளையும் பாதத்தையும் தயார் செய்யாது. ‘ரூட் மார்ச்’ என்ற சொல் இந்த வித்தியாசத்தை ஒளித்து வைக்கிறது என்பதுதான் என் குறை.

பாதயாத்திரை, நடைப்பயணம், பழனி நடை

இந்த ஊர்க்காரனாக இருந்துகொண்டு இதை லேசில் தள்ள முடியாது. தை பிறந்தால் குன்றக்குடியில் காவடிகள் கூடும். நகரத்தார் காவடி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் போகும். 150 கி.மீ.க்கு மேல். தலைமுறை தலைமுறையாக, நானூறு வருசமாக நடக்கிற நடை என்று சொல்வார்கள். பின்னால் எல்லாச் சாதி சனமும் பச்சை, காவி உடுத்தி நடக்கிறது. நடையைப் பற்றி எங்கள் ஊர்க் கிழவிக்குத் தெரிந்தது பல உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குத் தெரியாது: கொப்புளத்தின் தோலைப் பிய்க்காதே, வெயில் ஏறுமுன் பாதித் தூரத்தைக் கடந்துவிடு, உட்கார்ந்தால் காலை நீட்டி உட்கார், ஒரேயடியாகத் தண்ணீரைக் குடிக்காதே.

ஆகவே தூரத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல வார்த்தை இல்லை. ‘இன்னைக்கு நடந்தது குன்றக்குடிக்குப் போய் வர்ற தூரம் அப்பத்தா’ என்று ஒரு பையன் சொன்னால் அப்பத்தாவுக்கு 20 கி.மீ. என்ற எண்ணே தேவையில்லை.

படையும் பக்தியும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது நமக்கு மட்டும் வாய்த்ததில்லை. நெதர்லாந்தில் 1909இல் சிப்பாய்களுக்காக ஆரம்பித்த நான்கு நாள் நடை இன்று நைமேகன் என்ற ஊரில், ஊர் உலகமெல்லாம் வந்து கலந்துகொள்ளும் திருவிழா. சீருடையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் குறைந்தது 10 கிலோ சுமந்து தினம் 40 கி.மீ. நடக்க வேண்டும், மற்றவர்கள் சும்மா நடக்கலாம். அதற்குப் பெயரே ‘நான்கு நாள்’தான். பிரெஞ்சு அந்நியர் படையில் புதியவன் நடக்கும் நீண்ட நடைக்கு, முடிவில் அவன் அணிகிற வெள்ளைத் தொப்பியின் பெயர். இஸ்ரேலிலும் அப்படித்தான், தொப்பி நடை என்பார்கள். போய்ச் சேருகிற இடத்தை, கிடைக்கப் போகிற பொருளை வைத்து நடைக்குப் பெயர் வைப்பது மனித சுபாவம், நாம் ‘பழனி நடை’ என்பது போல.

அப்படியானால் என்ன சிக்கல்? வேண்டுதல்தான் சிக்கல்.

யாத்திரையில் வலி என்பது கொடுப்பினையின் ஒரு பகுதி. கால் வெடித்தாலும் செருப்புப் போடாமல் நடக்கிறவரை நாம் கும்பிடுகிறோம். நிற்பது குற்றம், சொல்வது குறைச்சல். எங்கள் ஊரில் முழங்கால் வீங்கிப் போய் நத்தத்தில் பஸ் ஏறித் திரும்பிய ஒரு பெரியவர் அடுத்த தை வரை கோவில் வாசலில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பக்தி எனக்குப் பெரிது, அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் பயிற்சி முகாமில் இருக்கிற பதினெட்டு வயதுப் பையனின் மண்டைக்குள் அதே சட்டம் போய் உட்கார்ந்தால், அவன் பாதத்தில் விழுந்த கோட்டை யாரிடமும் சொல்ல மாட்டான். பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் 1855லேயே நீண்ட நடைக்குப் பின் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. இன்றைக்கும் மருத்துவர்கள் அதை ‘மார்ச் ஃபிராக்சர்’ என்றே சொல்கிறார்கள். நடையின் பெயரையே நோய்க்கு வைத்திருக்கிறார்கள், நாம் அதை முருகனிடம் விட்டுவிடுகிறோம்.

வெப்பமும் அப்படித்தான். 2013 ஜூலை 13 அன்று வேல்ஸ் நாட்டு மலையில் 16 மைல் தேர்வு நடையில் பிரிட்டிஷ் பகுதிநேரச் சிப்பாய்கள் மூன்று பேர் வெப்பம் தாக்கி விழுந்து, பின் உயிரும் விட்டார்கள். வெயில் ஏறாத நாடு என்று நாம் நினைக்கிற நாடு அது. இங்கே சித்திரை வெயிலில் செம்மண் பொட்டலில் நடக்கிறவனுக்கு ‘தலை சுற்றுகிறது, நிற்கிறேன்’ என்று சொல்ல ஒரு வழி வேண்டாமா?

சுமையிலும் நேரத்திலும்கூட இரண்டும் ஒன்றில்லை. யாத்திரையில் நடக்கிறவர் தன் நேரத்தில் நடக்கிறார். பிரிட்டிஷ் கடற்படைக் கமாண்டோக்களின் கடைசித் தேர்வில் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் 30 மைலை, முதுகில் பதினாலு கிலோவுக்கு மேல் வைத்துக்கொண்டு, 8 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அதைப் ‘பழனி நடை மாதிரி’ என்று நான் சொன்னது பாதி உண்மை.

செலவு, தண்டு, நெடும்பயணம்

தமிழாசிரியனாக இதையும் சொல்லிவிடுகிறேன், சீக்கிரமாக. பழந்தமிழில் படை கிளம்பிப் போவதற்குச் ‘செலவு’ என்றே பெயர், மண்ணை விரும்பிப் படை எடுத்துச் செல்வதற்கு வஞ்சி என்று தனித் திணையே வைத்தார்கள். அருமையான சொல். இன்றைக்கு ‘நாளைக்குச் செலவு இருக்கு’ என்று பையன் சொன்னால் அப்பா பணம் அனுப்புவார். ‘தண்டு’ என்றால் கீரைத்தண்டு நினைவுக்கு வரும். ‘நெடும்பயணம்’ 1934இல் கிளம்பிய சீனச் செம்படையின் நடைக்கே பட்டா ஆகிவிட்டது, அது பயிற்சியும் இல்லை. ‘பெருநடை’, ‘நெடுநடை’ இரண்டும் தூரத்தைச் சொல்கின்றன, முதுகைப் பற்றி மூச்சு விடவில்லை. பாடப்புத்தகத்தில், வரலாற்றுக் கட்டுரையில் இவையெல்லாம் வரலாம்.

பிட்டு, அப்புறம் மற்ற முகாம்களின் பேச்சு

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. சிப்பாய்கள் தங்களுக்குள் பேசும்போது இதை என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன்.

நம் ராணுவத்தில் முதுகு மூட்டைக்குப் பெயர் ‘பிட்டு’. இந்தியில் ‘பீட்’ என்றால் முதுகு, அதிலிருந்து வந்தது. அமெரிக்கத் தரைப்படையில் இந்த நடைக்கே ‘ரக்’ என்று பெயர், ரக்சாக் என்ற ஜெர்மன் சொல்லின் முன்பாதி, அதுவும் முதுகுதான். அமெரிக்க மரைன் படைச் சிப்பாய் ‘ஹம்ப்’ என்பான், மாட்டுத் திமிலுக்கும் அதே சொல். மாரியுஸ் என்ற தளபதியின் ரோமானியச் சிப்பாய்கள் மூட்டை சுமந்தே ஓய்ந்து போனதால் அவர்களுக்கு ‘மாரியுஸின் கோவேறு கழுதைகள்’ என்று பெயர் வந்தது. பிரிட்டிஷாரிடம் ‘யோம்ப்’, ‘டேப்’ என்று இரண்டு உண்டு, முதலாவது கடற்படைக் கமாண்டோக்கள் வாய், இரண்டாவது பாராசூட் படையினர் வாய். 1982இல் ஃபாக்லாந்துத் தீவில் 36 கிலோ அளவு சுமையோடு மூன்று நாளில் ஏறத்தாழ 90 கி.மீ. நடந்த பிறகுதான் ‘யோம்ப்’ பத்திரிகைகளுக்கே வந்தது.

கவனித்தீர்களா? கரையில் நின்று பார்த்தவர்கள் வரிசையையும் வழியையும் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: அணிவகுப்பு, ரூட். நடந்தவர்களில் பலர் முதுகையும் மூட்டையையும் வைத்துப் பெயர் வைத்தார்கள். அப்படியென்றால் தமிழ்ப் பெயரும் முதுகிலிருந்துதான் வர வேண்டும்.

‘பிட்டு நடை’ என்றே சொல்லலாமே என்று ஒரு தம்பி கேட்டான். பிட்டுக்கு மண் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பிட்டும் சுமையும் ஒன்றாக வருவது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் முகாம்களில் ‘பிட்டு பரேட்’ என்றால் தண்டனை. தப்புச் செய்தவனை மூட்டையோடு ஓடவிடுவது. அந்தச் சாயலோடு பயிற்சிக்குப் பெயர் வைத்தால், நடப்பதே தண்டனை என்று ஆகிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கோ ‘பிட்டு’ சாப்பிடுகிற பண்டம்.

சுமைநடை

நான் வந்து நின்ற இடம் இது. புதுச் சொல்தான், ஆனால் இரண்டு பாதியும் எல்லோருக்கும் தெரிந்தவை. சுமை, நடை. விளக்கமே வேண்டாம். ‘ஞாயித்துக்கிழமை எட்டு கிலோமீட்டர் சுமைநடை போனோம்’, ‘பாதியில் சுமையை இறக்கினோம்’ என்று பேச்சில் தானாகவே வளைகிறது. ‘எவ்வளவு சுமை?’ என்ற அடுத்த கேள்வியை அதுவே கேட்க வைக்கிறது. அந்தக் கேள்வி என் அக்கா வாயில் அன்று வந்திருந்தால் போதும்.

இதற்கு முன் ‘காவுநடை’ என்று ஒன்று என் மனதில் இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது. காவுதல் என்றால் தோளில் சுமப்பது, காவும் தடிதான் காவடி. நம் ஊர் நடையின் வேர் அதிலேயே இருக்கிறது. ஆனால் இன்று ‘காவு’ என்றால் பலி. ‘என் பிள்ளை காவுநடைக்குப் போயிருக்கான்’ என்று எந்தத் தாய் சொல்வாள்? அதை விட்டுவிட்டேன்.

சுமைநடையிலும் குறை இல்லாமல் இல்லை. உள்ளே போனால் ஒருவருக்கும் தெரியாது. மூட்டை தூக்குகிற வேலை மாதிரித் தொனிக்கிறது என்று ஹவில்தார் அண்ணன் முகம் சுளித்தார், படையின் மிடுக்கு இல்லை என்றார். மிடுக்கு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. மூட்டை தூக்குகிறவருக்கு எப்படித் தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று தெரியும். அதைத்தான் இந்தப் பையன்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நம் சாலைகளில் இன்னும் சில இடத்தில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல், தோள் உயரம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்து போன பெண்களின் நினைவாக வைத்தவை. தலைச்சுமையைக் கீழே இறக்காமல், குனியாமல், அப்படியே கல்மேல் தள்ளிவிட்டு நிற்கலாம், திரும்ப எடுக்கவும் ஆள் துணை வேண்டாம். சுமை என்று ஒரு சொல் இருந்தால் தாங்கி என்று ஒன்றும் கூடவே வருகிறது பாருங்கள். ராணுவக் கையேடுகளிலும் ஐம்பது நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் நிற்பது என்ற கணக்கு உண்டு. எங்கள் பையன்கள் அந்தப் பத்து நிமிடத்தைத் ‘தாங்கி’ என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எந்த இடத்துக்கு எது

| நீங்கள் யார் | போட வேண்டியது | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|
| அடுத்த மாதம் முகாமுக்குப் போகிற பையன் | ரூட் மார்ச், ஸ்பீட் மார்ச், பிட்டு மூன்றையும் அப்படியே | புதுத் தமிழ்ச் சொல் மட்டும் |
| ஊரில் தயார் செய்கிற ஆசிரியர், அண்ணன் | சுமைநடை, பக்கத்திலேயே ‘உள்ளே இதை ரூட் மார்ச் என்பார்கள்’ என்ற ஒரு வரி | அணிவகுப்பு |
| வீட்டில் இருக்கிற அம்மா, அப்பத்தாவுக்கு விளக்குகிறவர் | தூரத்துக்குப் பழனி நடை, சுமைக்குச் சுமைநடை, இரண்டும் சேர்த்து | பழனி நடை மட்டும் |
| செய்தி, கட்டுரை மொழிபெயர்ப்பவர் | பயிற்சி நடை, சுமையோடு கூடிய நீண்ட நடை என்று விரித்து | அணிவகுப்பு, நெடும்பயணம் |

மூன்றாவது வரிசையைத்தான் நான் அன்று தவறவிட்டேன்.

இன்னும் முடிவு வராத கேள்வி ஒன்று இருக்கிறது. குறிப்பேட்டில் தலைப்பாகச் ‘சுமைநடை’ போடுவதா, ‘ரூட் மார்ச்’ போட்டுக் கீழே சுமைநடை என்று விளக்குவதா? நான் முதலாவது கட்சி, ஹவில்தார் அண்ணன் இரண்டாவது கட்சி. பையன் பயிற்சிக்குக் கிளம்பும் தேதி பக்கத்தில் இருந்தால் அவர் சொல்வது சரி, ஆறு மாதம் இருந்தால் நான் சொல்வது சரி என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். ஆறு மாதம் இருக்கிறவன் முதலில் உடம்பைப் பழக்க வேண்டும், அவனுக்குச் சுமை என்ற சொல்தான் முதலில் கண்ணில் படவேண்டும்.

எப்படிப் பழக்குவது என்று கேட்கிறவர்களுக்கு, நாங்கள் செய்வது இது: ரேஷன் அரிசி ஐந்து கிலோவைத் துணிப்பையில் கட்டி, பழைய பள்ளிப் பையின் முதுகுப் பக்கத்தோடு ஒட்டியபடி, ஆடாமல் மேலே தூக்கி வைத்து, ஊருணிக் கரையில் மூன்று கிலோமீட்டர். வாரத்தில் இரண்டே நாள். தூரத்தையும் எடையையும் ஒரே வாரத்தில் கூட்டுவதில்லை. ஓட்டம் தனி நாளில். சித்திரை, வைகாசியில் விடிவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். வலி ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி இருந்தால் அன்றே நிறுத்தம், மருத்துவரிடம் போக வேண்டும். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் வலி போகாவிட்டால் இரண்டாவது எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

போன வாரம் குன்றக்குடி ரோட்டில் எட்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். மணி ஐந்தரை இருக்கும். பின்னால் வந்த ஒரு தம்பி, வயது பதினேழு, சத்தமாக, “அண்ணே, சுமை இடது பக்கம் இறங்குது, பாதம் ஒரு இடத்துல குத்துது, தாங்கி வேணும்” என்றான். முன்னால் போன ஏழு பேரும் நின்றார்கள். அவன் பையை இறக்கி, ஷூவைக் கழற்றி, கட்டை விரலுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினான். சாக்ஸ் மடிந்து உள்ளே ஒரு சின்னக் கல் இருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, மடிப்பை நீவி, நாடாவை இறுக்கிக்கொண்டு மறுபடி தோளில் மாட்டினான்.